டியூட்ரானுக்குப் பத்து மதிப்பெண்

ஏழாவது விடைத்தாளைப் பிரிக்கும்போது தையல்நாயகியின் வலது கை நடுவிரல் கட்டைவிரல் பருமனுக்கு வீங்கிவிட்டிருந்தது. நகத்துக்கடியில் ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. சிவப்புப் பேனாவை இடது கைக்கு மாற்றிப் பார்த்தாள், எண்கள் கோணிக்கொண்டு விழுந்தன, மறுபடி வலது கைக்கே வந்து கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பேனாவை இடுக்கிக்கொண்டாள். மணி பத்தே முக்கால். விடைத்தாள் திருத்தும் முகாமுக்காக அந்தக் கல்லூரியின் பெரிய கூடத்தில் மேசைகளைப் பாடவாரியாகப் போட்டிருந்தார்கள். இயற்பியல் மேசையில் நான்கு பேர், காலைக்குத் தலைக்கு இருபது தாள். எல்லாரும் பதினேழாவது கேள்வியில்தான் சிக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த டியூட்ரான் ஏன் பிரியாமல் நிற்கிறது, இரண்டு நியூட்ரான்கள் மட்டும் சேர்ந்து ஏன் நிற்பதில்லை, விளக்குக, பத்து மதிப்பெண். இந்தப் பையன் எழுதியிருந்தான், நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது, ஆகவே ஒன்றையொன்று தள்ளாது, ஆகவே இரண்டு நியூட்ரான்கள் இன்னும் உறுதியாகச் சேர்ந்து நிற்கும். தப்பு. ஆனால் நியாயமான தப்பு, யோசித்துச் செய்த தப்பு, தள்ளுவதற்கு ஒன்றும் இல்லையென்றால் சேர்ந்து இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும், தள்ளாமல் இருப்பதே போதும் என்று, அவளுடைய அம்மாவும் அதைத்தான் சொன்னாள், நீ எதிர்த்துப் பேசாம இருந்தா அவரு ஏன் கை நீட்டப் போறாரு. தையல்நாயகி இரண்டு மதிப்பெண் போட்டாள். யோசித்ததற்காக இன்னும் ஒன்று சேர்த்து மூன்றாக்கினாள். குளிர்பெட்டிக் கதவைச் சாத்தினோமா என்று அப்போது நினைவு வந்தது. மாவுப் பாத்திரம் கீழ்த்தட்டில் இருந்தது. கணவன் குனிந்து எடுக்கப் போனான். கதவு திறந்துதான் இருந்தது, மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அந்த வெளிச்சம் தரையில் கிடந்தவனுடைய காதுமேல் விழுந்தது. அவள் எட்டாவது தாளைப் பிரித்தாள்.

எந்தக் கையால பேப்பர் திருத்துவ, என்று வேதரத்தினம் கேட்டது காலை ஏழு இருபதுக்கு. கத்தவில்லை. கத்துகிற நாட்கள் வேறு, அந்த நாட்களில் அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள். இன்றைக்கு ஏதோ பேங்க்கில் படிவம் நிரப்புகிறவன் மாதிரி கேட்டான். அவள் தோளில் பை மாட்டியாகிவிட்டது, செருப்பு மட்டும்தான் பாக்கி. போன வருஷ முகாமில் கூட வேலைபார்த்த சார் ஒருவர் மழைக்காக அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பஸ் ஸ்டாண்டில் விட்டார், அதை எவனோ பார்த்துச் சொல்லி, பத்து மாதமாக அந்த ஐந்து நிமிஷப் பயணம் இந்த வீட்டுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இந்த வருஷம் போகாதே என்றான். ஆர்டர் வந்திருக்கு, போகாட்டி மெமோ குடுப்பாங்க என்றாள். எந்தக் கையால என்று கேட்டான். வலது கை என்று அவள் சொன்னாள். அதுதான் இப்போது விரலைவிட அதிகமாக வலித்தது, கேள்வி கேட்டதும் சரியான பதிலைச் சொல்லிவிட்டாள், முன்வரிசை மாணவி மாதிரி, வலது கை என்று. அவன் அந்தக் கையைத்தான் பிடித்தான். படுக்கையறைக் கதவின் கீல் பக்கத்து இடுக்கில் விரல்களை வைத்துக் கதவை இன்னொரு கையால் மெதுவாகத் தள்ளினான், மெதுவாக, பலகைக்கும் நிலைக்கும் நடுவில் எலும்பு சிக்கியதை அவன் கையும் உணர்ந்திருக்கும், அப்புறமும் தள்ளினான். அவளுக்குச் சத்தம் வரவில்லை. வாய் திறந்திருந்தது. பிறகு கையை விட்டான், பசிக்குது என்றான், சமையலறைக்குப் போனான், குளிர்பெட்டியைத் திறந்து குனிந்தான். ஒரே ஒரு அடி. தோசைக்கல் அடுப்பின்மேல் இருந்தது, நல்லவேளை அடுப்பைப் பற்றவைக்கவில்லை, நல்லவேளையா, யாருக்கு நல்லவேளை, கனமான பழைய இரும்புக்கல், கைப்பிடியை இடது கையால் பிடித்தாள், ஒரே ஒரு அடி, பின்மண்டையில். அவ்வளவுதான். கல்லைக் கழுவினாள். அதை ஏன் கழுவினாள் என்று தெரியவில்லை. வெளிக்கதவைப் பூட்டினாள். ஏழு நாற்பது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

எட்டாவது தாளில் ஒரு பெண் எழுதியிருந்தாள், கையெழுத்து குண்டுகுண்டாக, அணுக்கருவுக்குள் இரண்டு புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும் விசை ஏறக்குறைய ஆறு கிலோ எடைக்குச் சமம் என்று. சரிதான். தையல்நாயகி வகுப்பில் சொல்லித்தருகிற அதே கணக்கு, எடை என்று சொல்லவே முடியாத அத்தனை சின்ன ஒன்றின்மேல் ஆறு கிலோ, கண்ணுக்குத் தெரியாத பொருளுக்குள் கண்ணுக்குத் தெரிகிற பலம். அதை மீறி இழுத்துப் பிடிக்கிற விசை ஒன்று இருக்கிறது. கைக்கெட்டுகிற தூரம்வரைதான் அதற்கு ஆட்சி, கொஞ்சம் விலகினால் இல்லவே இல்லை. தோசைக்கல் ஆறு கிலோ இருக்காது. இரண்டு, இரண்டரை. ஆனால் வீசினால் எடை மட்டும் கணக்கில்லையே, வேகமும் சேருமே, அதையும் அவள்தான் சொல்லித்தருகிறாள், முதலாம் ஆண்டுக்கு. எத்தனை வேகம், கை எவ்வளவு தூரம் போய்த் திரும்பியது, மண்டையோடு எவ்வளவு தாங்கும். இந்தக் கணக்கைப் போடக் கூடாது. கல்யாண வரவேற்பில் துறைத் தலைவர் மைக்கைப் பிடித்து, புரோட்டானும் நியூட்ரானும் போல நீங்கள் பிரியாமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்தினார். கூட்டம் சிரித்தது, வேதரத்தினமும் சிரித்தான், அதுங்க எதுக்கு மேடம் பிரியாம இருக்கு என்று அன்றிரவு கேட்டான், அப்போது மேடம் என்றுதான் கூப்பிடுவான், அவளும் மணி ஒன்றுவரை உட்கார்ந்து சொன்னாள், அவன் கேட்டான். நிஜமாகவே கேட்டான். அதுதான் பெரிய தொல்லை, நிஜமாகவே கேட்ட ராத்திரி ஒன்று இருந்தது. ஆனால் அணுக்கருவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பாசமும் தெரியாது, பொறுத்துப்போகவும் தெரியாது, அதை மனிதர்களுக்கு உதாரணம் சொல்கிறவர்களைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் குறட்டை விட்டானே. கீழே விழுந்தபிறகு குறட்டை மாதிரி மூச்சு வந்தது. குறட்டை என்றால் தூக்கம். இல்லை, மண்டையில் அடிபட்டுக் குறட்டை விட்டால் ஆபத்து என்று எங்கோ படித்திருக்கிறாள். பேனா கைநழுவி உருண்டது.

"மேடம்." தலைமைத் தேர்வாளர் சவுரிராஜன் பின்னால் நின்றிருந்தார். கையில் அவள் திருத்திய ஆறாவது தாள். "பதினேழுக்கு நாலு போட்டிருக்கீங்க, கூட்டும்போது ஏழுன்னு சேர்த்திருக்கீங்க. இது நாலா, ஏழா?"

"நாலு சார்."

"பார்த்துப் போடுங்க. கையில என்ன?"

"கதவுல நசுங்கிடுச்சு சார்."

"ஐஸ் வைக்கலாமில்ல," என்று சொல்லிவிட்டு அவர் கணிதம் திருத்துகிற மேசைப் பக்கம் போனார்.

கதவுல நசுங்கிடுச்சு. கதவுதான் நசுக்கியது, கதவு தானாக வந்து, ஆளே இல்லாமல். தமிழ் எப்படி ஒத்துழைக்கிறது, ஆளைச் சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடுகிறது. தலையில அடிபட்டிடுச்சு. அடி எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது, யாரும் கேட்க மாட்டார்கள். போலீஸ் கேட்கும். கேட்குமா. வீடு பூட்டியிருக்கிறது, உள்ளே ஆள் கிடக்கிறான், சாவி யாரிடம், இதோ பைக்குள், பை காலடியில். அவள் காலால் பையைத் தொட்டுப் பார்த்தாள். கைபேசி அதில் இல்லை, வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தந்திருந்தார்கள், முப்பத்தொன்பது. அது இந்நேரம் அங்கே அடித்துக்கொண்டிருக்கலாம். அவன் எழுந்திருந்தால் அவன் அழைப்பான். எழுந்திருக்காவிட்டால் யாரும் அழைக்க மாட்டார்கள். அவன் வேலைபார்க்கிற ஷோரூமில் இருந்து அழைப்பார்கள், மேனேஜர் சார் இன்னும் வரலியே மேடம். வெயில் ஜன்னல் வழியாக இறங்கி மேசை விளிம்புவரை வந்துவிட்டது. ஏழு நாற்பதிலிருந்து பதினொன்று, மூன்று மணி இருபது நிமிஷம். தனியாக விடப்பட்ட நியூட்ரான் சராசரியாகக் கால்மணி நேரம்கூடத் தாங்காது, சிதைந்துவிடும், டியூட்ரானுக்குள் இருக்கும்வரை மட்டும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை, ஒன்பதாவது தாள், பத்தாவது தாள், பத்தாவது தாளில் பதினேழாவது கேள்விக்கு எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். அந்தக் காலிப் பக்கத்தை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பூஜ்யம் போட்டாள். பூஜ்யத்தைச் சுழிக்கும்போது விரல் மடங்கி, வலி முழங்கைவரை ஏறியது.

டீ வந்தது. பக்கத்து நாற்காலி ஃபிலோமினா மேடம் தன்னுடைய டம்ளரை வைத்துவிட்டு இவளுடையதையும் எடுத்துக் கிட்டே தள்ளினார். பெண்கள் கல்லூரியில் முப்பது வருஷம் பாடம் எடுத்தவர், இன்னும் ஒரு வருஷத்தில் ரிடையர்மெண்ட். "குடிம்மா, ஆறிடும்," என்றார். கையைப் பார்த்தார். "பதினேழாம் கேள்விய நல்லா கேட்டிருக்கான். யாரு செட் பண்ணானோ. ஒருத்திகூட ஒழுங்கா எழுதல." தையல்நாயகி தலையை ஆட்டினாள். டீ தொண்டையில் இறங்கியது, இனித்தது, இனிக்கிறதே என்று வெட்கமாக இருந்தது. பதினோராவது தாளைப் பிரித்தாள்.

அந்தத் தாள் வேறு மாதிரி இருந்தது. எல்லாத் தாளிலும்போல எண் மட்டும்தான், கையெழுத்தை வைத்து ஆணா பெண்ணா என்றுகூட ஊகிக்க முடியவில்லை, நீல மையில் சின்னச் சின்ன எழுத்தாக இரண்டரைப் பக்கம். டியூட்ரான் பலமாக நிற்பதாகப் பாடப்புத்தகம் சொல்கிறது, அது சரியல்ல என்று ஆரம்பித்திருந்தது. அது மயிரிழையில் நிற்கிறது. பிடித்து வைக்கிற விசை ஆழமான குழி போன்றது, ஆனால் குழி மிகக் குறுகலானது, அதற்குள் அடைபட்ட துகள்கள் சும்மா இருக்காது, அடைக்க அடைக்க வேகமாக உதறும், அந்த உதறல் பிடியை ஏறக்குறைய முழுவதும் தின்றுவிடுகிறது, மிஞ்சுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சம்தான் டியூட்ரான். இரண்டும் பெரும்பாலான நேரம் விசை எட்டாத தூரத்தில்தான் இருக்கின்றன. உடையாமல் கூடுதல் ஆற்றலை ஏற்றுக்கொள்ளும் கிளர்வு நிலை அதற்குக் கிடையாது, கொஞ்சம் அதிகமாகத் தட்டினால் உடைவது ஒன்றே வழி. தையல்நாயகி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சுழற்சி ஒரே திசையில் இருக்கும்போது இழுப்பு சற்று அதிகம். புரோட்டானும் நியூட்ரானும் வேறுவேறு துகள்கள், அதனால் ஒரே இடத்தில் ஒரே திசையில் சுழலலாம். இரண்டு நியூட்ரான்களும் ஒன்றுபோலவே இருப்பதால் அதற்கு அனுமதி இல்லை, எதிரெதிராகத்தான் சுழல வேண்டும், அப்போது இழுப்பு கொஞ்சம் குறைகிறது, அந்தக் கொஞ்சம் குறைவதாலேயே இரண்டு நியூட்ரான்கள் சேர்ந்து நிற்பதில்லை. ஹீலியத்தில் நான்கு துகள்கள், இரண்டிரண்டாக, ஒவ்வொன்றும் மற்ற மூன்றின் கைக்கெட்டுகிற தூரத்தில், உதறலைவிடப் பிடி பல மடங்கு பெரிது, ஆகவே அதை உடைப்பது கடினம். ஐந்தாவது வந்தால் உள்ளே இடமில்லை, உடனே போய்விடும். கடைசி வரி, ஆகவே இவை சேர்ந்திருப்பதில் கட்டாயம் எதுவும் இல்லை, கணக்கு சற்று மாறியிருந்தால் இவை சேர்ந்திருக்காது, நாமும் இருந்திருக்க மாட்டோம். அவள் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பேனாவை வைத்தபடி திரும்ப முதல் வரிக்குப் போனாள். எவ்வளவு சுத்தமான மூளை. எந்தக் கல்லூரி, யார் சொல்லித்தந்தார்கள், யாருமே சொல்லித்தராமல் எந்த பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தது இந்தத் தலை. பத்துக்குப் பத்து போட்டாள், வட்டம் போட்டாள், விரல் வலிக்கவில்லை, கூடத்துச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள், பதினொன்று ஐம்பது. முப்பது நிமிஷம். முப்பது நிமிஷமாக அவன் அவள் தலைக்குள் இல்லை. சமையலறைத் தரையில் ஒரு மனிதன் செத்துக்கொண்டிருக்கும்போது முப்பது நிமிஷம் அவள் சந்தோஷமாக இருந்திருக்கிறாள்.

அப்போதுதான் அது வந்தது. வரக் கூடாது என்று காலையிலிருந்து அவள் கையை வைத்துப் பொத்திக்கொண்டிருந்தது, விரல்களுக்கு நடுவே வழிந்து வந்துவிட்டது. ஒரே ஒரு அடி இல்லை. முதல் அடியில் அவன் முட்டிபோட்டு விழுந்தான், குளிர்பெட்டித் தட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பினான், முகம் இவளைப் பார்த்தது. கோபம் இல்லை அந்த முகத்தில். ஆச்சரியம் இருந்தது, இது நடக்காதே என்கிற ஆச்சரியம், ஒன்பது வருஷத்தில் இவள் கை எழும்பும் என்று ஒருநாளும் நினைக்காதவனின் ஆச்சரியம். அந்த முகத்தைப் பார்த்துத்தான் அவள் இரண்டாவது முறை வீசினாள். முதல் அடி வலியில் வந்தது, கை தானாகப் போனது, அதற்குக் கதவு பொறுப்பு. இரண்டாவதுக்கு அவள்தான் பொறுப்பு. கல்லைத் திருப்பிப் பிடித்தாள், விளிம்பு வரும்படி. யோசித்தாள். காதுக்கு மேலே. இரும்பு எலும்பில் படும்போது கைக்குள் ஒரு அதிர்வு வந்து தோளில் நின்றது. அந்த அதிர்வு நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்பதைத்தான் அவள் பஸ்ஸில், டோக்கன் வாங்கும் வரிசையில், ஏழாவது தாளில், எட்டாவது தாளில் எல்லாம் தள்ளித் தள்ளி வைத்திருந்தாள். ஒன்பது வருஷமாக அவன் கைக்குள் இருந்தது இதுதானா. இவ்வளவு நன்றாக இருப்பதைத்தான் அவன் தினம் தினம் வைத்துக்கொண்டிருந்தானா. இது அவளுக்குள்ளும் வந்துவிட்டது, இனிமேல் இது இல்லாதவளாக அவள் ஒருநாளும் இருக்கப் போவதில்லை. பதினோராவது தாளை மடித்து வைத்தாள்.

"மேடம்," என்றாள்.

ஃபிலோமினா திரும்பினார்.

"நான் என் வீட்டுக்காரர அடிச்சுப் போட்டுட்டு வந்திருக்கேன். தோசைக்கல்லால. வீட்டப் பூட்டிட்டு வந்துட்டேன்."

ஃபிலோமினா பேனாவை மூடினார். மூடியதும் அதன் கிளிப் 'டக்' என்றது. "மூச்சு இருந்துச்சா?" என்றார் தாழ்ந்த குரலில்.

"இருந்துச்சு. குறட்டை மாதிரி."

"எத்தன மணிக்கு?"

"ஏழரை."

"சாகட்டும்னு விட்டுட்டு வந்தியா?"

தையல்நாயகி அந்தக் கேள்வியை வாங்கி வைத்துப் பார்த்தாள். விளக்குக என்று யாரும் சொல்லவில்லை. "ஆமா மேடம்," என்றாள். "அப்போ அப்படித்தான். இப்போ வேணாம்."

ஃபிலோமினா பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து சவுரிராஜனிடம் போய் என்னவோ சொன்னார், அவர் இங்கே ஒருமுறை பார்த்துவிட்டு வாசலுக்கு ஆளை அனுப்பினார், கைபேசி வந்தது. தவறிய அழைப்பு ஒன்றே ஒன்று, ஷோரூம். அவன் அழைக்கவில்லை. எதிர்வீட்டு ஜமீலாக்காவை அழைக்கும்போது தையல்நாயகியின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது, அக்கா, பூட்ட உடைங்க, அவரு அடிபட்டுக் கிடக்கறாரு, 108க்குச் சொல்லுங்க. ஜமீலா லைனை வெட்டவில்லை. சுத்தியல் பூட்டில் விழுவது கேட்டது, ஐந்து, ஆறு, தாழ்ப்பாள் கழன்று தரையில் விழுந்தது, காலடிகள், யா அல்லாஹ் என்று தணிந்த குரல், பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததற்குள் தையல்நாயகி இரண்டாகப் பிரிந்து நின்றாள், ஒருத்தி அவன் இருக்கட்டும் என்றாள், ஒருத்தி இல்லாமல் போகட்டும் என்றாள், இரண்டு பேர் குரலும் ஒரே அளவில் இருந்தது. "உசிரு இருக்கும்மா," என்றாள் ஜமீலா. "செவுத்துல சாஞ்சு உக்காந்திருக்காரு. வாந்தி எடுத்திருக்காரு. என்னயப் பாத்து மேடம்னு கூப்புடறாரு."

மருத்துவமனைக்குப் போகும்வரை ஃபிலோமினா ஆட்டோவில் இவளுடைய இடது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவசரப் பிரிவில் அவனுக்கு நினைவு திரும்பியிருந்தது. தலையில் கட்டு, காதுக்கு மேலே தையல், ஸ்கேனில் மண்டையோட்டில் கீறல், ரத்தக் கசிவு கொஞ்சம், இரண்டு நாள் பார்க்க வேண்டும், பிழைத்துக்கொள்வார் என்று நர்ஸ் சொன்னாள். வேதரத்தினம் திரைக்கு அந்தப் பக்கம் நின்ற தையல்நாயகியைப் பார்த்தான். பயந்தான். அவன் கண்ணில் பயத்தை அவள் முதல்முறையாகப் பார்த்தாள், அது அவளுக்குப் பிடிக்கவில்லை, பிடித்துவிடுமோ என்று ஒரு கணம் தோன்றியது. இளவயது டாக்டர் ஒருத்தி அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு வந்தாள். "எப்படி அடிபட்டுச்சு சார்?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்," என்றான் அவன். உடனே சொன்னான், தயாராக வைத்திருந்தான். டாக்டர் எழுதத் தொடங்கினாள். அவன் தையல்நாயகியைப் பார்த்தபடியே இருந்தான், அந்தப் பார்வையில் ஒரு பேரம் இருந்தது, நான் சொல்லல, நீயும் சொல்லாத, வீட்டுக்குப் போயிடலாம். கதவுல நசுங்கிடுச்சு, பாத்ரூம்ல வழுக்கிடுச்சு, இரண்டு வாக்கியமும் பக்கத்தில் பக்கத்தில் இன்னொரு ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தும். சரி என்று தலையசைத்தால் போதும். போலீஸ் இல்லை, வேலை போகாது, நாளைக்குக் காலை மிச்சத் தாள்களைத் திருத்தலாம். அவனுக்குக் கட்டுப் பிரித்ததும் ஒருநாள் சோறு வேகவில்லை என்று ஆரம்பிக்கும், அப்போது யார் கை முந்தும் என்று அவளுக்குத் தெரியாது, தன் கைதான் முந்தும் என்று தோன்றியது, இந்த முறை அது ஒன்று இரண்டு என்று எண்ணாது.

"அவரு விழல டாக்டர்," என்றாள். "நான்தான் அடிச்சேன். ரெண்டு தடவ. ரெண்டாவது தெரிஞ்சே அடிச்சேன்."

டாக்டரின் பேனா நின்றது. வேதரத்தினம் கண்களை மூடிக்கொண்டான். ஃபிலோமினா இவள் முழங்கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது.

"போலீஸுக்குத் தகவல் சொல்லணும்மா," என்றாள் டாக்டர் மெதுவாக.

"சொல்லுங்க. ஏன் அடிச்சேன்னும் கேளுங்க. மொதல்லேருந்து சொல்றேன், எழுதிக்குங்க."

டாக்டர் ஏற்கனவே எழுதியிருந்த வரியைக் குறுக்காக அடித்தாள். பக்கத்து ஸ்டூலை அவள் பக்கம் காலால் நகர்த்தினாள். தையல்நாயகி உட்கார்ந்தாள்.